பைபாஸ் முடிந்த ஏழாம் நாளே சுகர் இறங்கிவிட்டது. இன்சுலின் எதிர்ப்பு தீர்ந்துவிட்டதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அக்காவுக்கு 41 வயது, உயரம் 158 செ.மீ., எடை 102 கிலோ, ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். எடை குறைக்கச் செய்யும் ரூ-என்-ஒய் இரைப்பை பைபாஸ் முடிந்து ஏழாவது நாள் எடை 98 கிலோதான். ஆனால் வெறும் வயிற்று சுகர் 138-லிருந்து 104-க்கும், இன்சுலின் அளவு 28-லிருந்து 14-க்கும் வந்துவிட்டன. எடை இறங்கும் முன்பே இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படியாத நிலை) போய்விட்டது என்றால் அது குடல் ஹார்மோன்களின் வேலைதானே, அப்படியானால் பிஎம்ஐ 36, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் அளவு) 6.1 உள்ள எனக்கும் ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாயாக்கும் அறுவை) வேண்டாம், பைபாஸே சரி என்று முடிவு செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: முதல் வாரத்தில் இறங்கியது எது, அது நிலைக்குமா, அறுவையின் வகை அதை மாற்றுமா. முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இறங்கியது பெரும்பாலும் கல்லீரலின் எதிர்ப்பு. காரணம், சாப்பாடு ஏறக்குறைய நின்றுபோனது. தசையின் எதிர்ப்பு இன்னும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. அது எடையோடு சேர்ந்து மாதக்கணக்கில்தான் குறையும். குடல் ஹார்மோன்கள் செய்வது வேறொரு வேலை.

இன்சுலின் எதிர்ப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று இடங்களில் தனித்தனியாக நடக்கிறது. கல்லீரல் இரவு முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் அதை அடக்க வேண்டும். அடங்காவிட்டால் காலையில் வெறும் வயிற்று சுகர் ஏறும். தசை, சாப்பிட்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அது மறுத்தால் சாப்பிட்ட பின் சுகர் ஏறும். கொழுப்புத் திசு தன்னிடம் உள்ள கொழுப்பமிலங்களை வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். அது கசியத் தொடங்கினால் கசிவு கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்ந்து அங்கே எதிர்ப்பைக் கூட்டும். இந்த மூன்றும் ஒரே வேகத்தில் சரியாவதில்லை. அக்காவின் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம்.

அக்கா இந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டிருப்பார்? முதல் நாள் தண்ணீர், பிறகு மோர், வடிகட்டிய சூப், புரோட்டீன் பவுடர். எல்லாம் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி இருக்கலாம். பல மருத்துவமனைகளில் அறுவைக்கு முன்பே, கல்லீரலின் இடது மடலைச் சுருக்குவதற்காக, இரண்டு வாரம் 800 கலோரி திரவ உணவு தருவார்கள். அதையும் சேர்த்தால் இது மூன்று வாரப் பட்டினி. பட்டினியில் உடல் முதலில் கரைப்பது கல்லீரலில் சேர்ந்திருக்கும் கொழுப்பையும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையையும். 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, சர்க்கரை நோய் வந்து நான்கு வருடத்துக்குள் இருந்த 11 பேருக்கு அறுவை எதுவும் செய்யாமல் நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் வெறும் வயிற்று சுகர் சராசரியாக 166-லிருந்து 106-க்கு வந்தது. எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமானது. அந்த 106-ஐயும் அக்காவின் 104-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தி படாத வயிற்றிலும் இதே வேகத்தில் இதே இறக்கம் நடந்திருக்கிறது.

இனி இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா-ஐஆர் கணக்கு. வெறும் வயிற்று சுகரையும் வெறும் வயிற்று இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். அறுவைக்கு முன் 138 × 28 ÷ 405 = 9.5; ஏழாம் நாள் 104 × 14 ÷ 405 = 3.6. பார்க்க மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த ஒப்பீட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அக்கா அறுவைக்கு முன் கிளிமிபிரைடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையின் வேலையே கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அப்படியிருக்க அந்த 28-இல் எவ்வளவு எதிர்ப்பால் வந்தது, எவ்வளவு மாத்திரையால் வந்தது என்று பிரிக்க முடியாது. இப்போது மாத்திரை நின்றுவிட்டது, எண்ணும் இறங்கிவிட்டது. இரண்டாவது, கணையம் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரலே முதல் சுற்றில் அழித்துவிடும். கொழுப்பேறிய கல்லீரலால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. கொழுப்பு இறங்கியதும் அழிக்கும் திறன் மீள்கிறது, ரத்தத்தில் இன்சுலின் குறைவாகத் தெரிகிறது. ஆகவே இன்சுலின் பாதியானதால் எதிர்ப்பும் பாதியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும் ஹோமா என்பது வெறும் வயிற்று அளவு என்பதால் பெரும்பாலும் கல்லீரலைத்தான் காட்டும். தசையைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

தசையின் எதிர்ப்பை நேராக அளக்க கிளாம்ப் என்றொரு முறை உண்டு. ஒரு கையில் இன்சுலினை ஒரே வேகத்தில் ஏற்றிக்கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்து, அது 90-ஐ ஒட்டி நிற்கும்படி 20 சதவீதக் குளுக்கோஸையும் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எவ்வளவு அதிகக் குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, அவ்வளவு நன்றாக உடல் இன்சுலினுக்குக் கீழ்ப்படிகிறது என்று பொருள். இது ஆராய்ச்சிக் கூடத்துக்கானது. எந்த லேபிலும் எழுதித் தர மாட்டார்கள். 2014-இல் டென்மார்க் குழு ஒன்று பைபாஸ் செய்துகொண்டவர்களை ஒரு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று மூன்று கட்டங்களில் இப்படி அளந்தது. ஒரு வாரத்தில் கல்லீரலின் எதிர்ப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. தசையில் முன்னேற்றம் மூன்றாம் மாத அளவையில்தான் தெரிந்தது, ஒரு வருடத்தில் இன்னும் கூடியது. அக்காவுக்கும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். வெளியே தெரியும் அடையாளம் ஒன்றும் உண்டு: கழுத்துப் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் போலப் படிந்திருக்கும் கருமை. அது இன்சுலின் நெடுநாள் ஓங்கி இருந்ததன் தடம். வாரத்தில் மறையாது, எடை இறங்க இறங்க மெல்ல வெளுக்கும்.

அப்படியானால் குடல் ஹார்மோன் கதை பொய்யா? பொய் இல்லை, இடம் மாறிச் சொல்லப்படுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் 15 முதல் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டுவிட்டு, சிறுகுடலை வெட்டி அதன் கீழ்த்துண்டை மேலே இழுத்து அதில் தைக்கிறார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தைத் தொடாமல் நேராகக் கீழே இறங்குகிறது. அங்குள்ள எல்-செல்கள் திடீரென்று வந்து விழும் சத்தைப் பார்த்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களைக் கொட்டுகின்றன. சாப்பிட்ட பின் ஜிஎல்பி-1 முன்பிருந்ததைவிடப் பல மடங்கு ஏறுகிறது. இந்த ஜிஎல்பி-1 கணையத்தைச் சரியான நேரத்தில் இன்சுலின் சுரக்க வைக்கிறது, மூளையில் பசியை அடக்குகிறது. அதாவது இது இன்சுலின் சுரப்பைத்தான் சீராக்குகிறது. இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பை நேரடியாகக் குறைப்பதாகக் காட்டிய ஆதாரம் பலவீனமானது. ஜிஎல்பி-1-ஐத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் பின்வாங்கியதும் சுரப்புதான். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த உதவி பெரிது. அதை இன்சுலின் எதிர்ப்பின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

இந்த விவாதத்தில் நான் மிக நம்பும் சான்று 2020-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கிளைன் குழு வெளியிட்டது. சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள 22 பேர். பாதிப் பேருக்கு பைபாஸ், பாதிப் பேருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். இரு பக்கமும் ஏறக்குறைய 18 சதவீத எடை குறையும்வரை காத்திருந்து, அதன் பிறகு அளந்தார்கள். கல்லீரல், தசை, கொழுப்பு மூன்றிலும் இன்சுலின் உணர்திறன் (எதிர்ப்பின் மறுபக்கம்) இரு பக்கமும் ஒரே அளவில் கூடியிருந்தது. பைபாஸுக்கென்று தனி லாபம் எதுவும் தெரியவில்லை. ஆட்கள் குறைவுதான், ஆனால் அளந்த முறை மிகக் கறாரானது. குடலையே தொடாமல் இரைப்பையின் மேல் வளையம் மாட்டும் பேண்ட் அறுவையை பைபாஸுடன் ஒப்பிட்டு, இரண்டிலும் 20 சதவீத எடை குறைந்த பின் அளந்தபோதும் விடை இதுவே. எடை சமமென்றால் எதிர்ப்பும் சமம்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். இதே கிளைன் குழு 2004-இல் 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து லிப்போசக்‌ஷன் மூலம் ஒன்பது பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு இன்சுலின் எதிர்ப்பை அளந்தது. அசையவே இல்லை. கொழுப்பு போனால் எதிர்ப்பு போகும் என்றால் இங்கே போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், உடல் அந்தக் கொழுப்பை எரிக்கவில்லை, வெளியே எடுத்தது குழாய். கல்லீரலிலும் தசையிலும் தவறான இடத்தில் தேங்கிய கொழுப்பு அப்படியே இருந்தது. எனவே எடை என்று நான் சொல்லும்போது தராசு காட்டும் எண்ணை மட்டும் சொல்லவில்லை. கலோரிப் பற்றாக்குறையால் உள்ளிருந்து கரைந்த எடையைச் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி உணவை விடும் பிலியோபேன்கிரியாடிக் டைவர்ஷன் என்ற இத்தாலிய அறுவையில், எடைக் குறைப்புக்கு மேலாகவும் உணர்திறன் கூடுவதாக ரோமிலிருந்து வந்த கிளாம்ப் ஆய்வுகள் காட்டுகின்றன. அது கொழுப்பு உறிஞ்சப்படுவதையே பெரிதும் தடுத்துவிடும் அறுவை. கூடவே புரதக் குறைபாடு, கொழுப்பில் கரையும் வைட்டமின்களின் குறைபாடு என்ற கனமான விலையும் உண்டு. இன்சுலின் எதிர்ப்புக்காக மட்டும் இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பித்த அமிலங்கள், குடல் நுண்ணுயிர்கள், கிளைத்த சங்கிலி அமினோ அமிலங்கள், டியோடினத்தைத் தவிர்ப்பதாலேயே கிடைக்கும் நன்மை என்று இன்னும் பல விளக்கங்கள் உலவுகின்றன. அறுவைக்குப் பின் இவை மாறுவது உண்மை. அந்த மாற்றத்தால்தான் எதிர்ப்பு குறைகிறது என்பது மனிதர்களில் நிரூபணமாகவில்லை. எலியில் கண்டதை விளம்பரத் தாளில் மனிதனுக்கு எழுதும் இடங்களில் கவனமாக இருங்கள்.

உணவுக் கட்டுப்பாட்டிலும் இதே பலன் என்றால் அறுவை எதற்கு? இது நியாயமான கேள்வி. 18 சதவீத எடையைக் குறைப்பதும், குறைத்ததை ஐந்து வருடம் பிடித்து வைப்பதும் சாப்பாட்டை மட்டும் வைத்து மிகச் சிலருக்கே முடிகிறது. எடை இறங்கியதும் பசி ஹார்மோன்கள் கூடுகின்றன, உடல் செலவழிக்கும் கலோரி குறைகிறது; மன உறுதி இந்த இரண்டுக்கும் எதிராக நாள்தோறும் நின்றாக வேண்டும். குடல் ஹார்மோன்களின் உண்மையான பங்கு இங்கேதான் வருகிறது. அவை பசியைக் கீழே பிடித்து வைப்பதால் எடை இறங்கிய நிலையிலேயே நிற்கிறது. எடை நிற்பதால் எதிர்ப்பு திரும்புவதில்லை. ஆக உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஹார்மோன்கள் வேலை செய்கின்றன, ஆனால் எடை வழியாக.

இது நிலைக்குமா என்பதற்கு இரண்டு தனிப் பதில்கள் உண்டு. இன்சுலின் எதிர்ப்பு எடையைத் தொடர்ந்து செல்லும். பைபாஸிலும் ஸ்லீவிலும் ஒன்று ஒன்றரை வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொடும், பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடக்கிறது. ஏறியதற்கு ஏற்ப எதிர்ப்பும் கொஞ்சம் ஏறும், பழைய இடத்துக்குப் போவது அரிது. சர்க்கரை நோய் விஷயம் வேறு. அங்கே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதே தீர்ப்பு. எதிர்ப்பு முழுக்கத் தணிந்தாலும் சுரக்க ஆள் இல்லையென்றால் சுகர் ஏறத்தான் செய்யும். ஸ்வீடனின் எஸ்ஓஎஸ் ஆய்வில் அறுவை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேர் நோயின்றி இருந்தார்கள். பதினைந்து வருடத்தில் அது 30 சதவீதமாகக் குறைந்தது. அங்கே பெரும்பாலோருக்குச் செய்தது பழைய வகை அறுவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்து வருட முடிவில் எச்பிஏ1சி 6-இலோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ரோமில் 60 பேரைப் பத்து வருடம் தொடர்ந்த ஆய்வில் பைபாஸ் செய்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மட்டும் நோய் விலகியே இருந்தது. மருந்துகளைவிட அறுவை தெளிவாக மேல். நிரந்தர குணம் என்று சொல்லிக்கொள்ள மட்டும் இந்த எண்கள் இடம் தரவில்லை.

அக்காவுக்கு எது நடக்கும் என்று இங்கிருந்தபடி சொல்ல முடியாது. சாதகமாக இருப்பவை: நோய் வந்து ஆறு வருடம்தான், இன்சுலின் ஊசி போட்டதில்லை, வயதும் குறைவு. தெரிய வேண்டியது சி-பெப்டைட், அதாவது கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளியிடும் துண்டு; சுரப்பு எவ்வளவு என்பதை அது காட்டும். வெறும் வயிற்றில் அது மில்லிக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கணையத்தில் நல்ல கையிருப்பு உண்டு. 1-க்குக் கீழே என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. தைவானின் வெய்-ஜெய் லீ உருவாக்கிய ஏபிசிடி ஸ்கோர் வயது, பிஎம்ஐ, சி-பெப்டைட், நோயின் காலம் என்ற இந்த நான்கையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறது. பல மருத்துவமனைகளில் இந்த ஒரு டெஸ்டை அறுவைக்கு முன் எடுக்காமல் விட்டுவிடுவது வருத்தமான விஷயம். நோய் விலகியது என்று எப்போது சொல்லலாம்? மருந்தெல்லாம் நிறுத்தி குறைந்தது மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 6.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஏழாம் நாள் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அக்காவின் டிஸ்சார்ஜ் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். அவர் அறுவைக்கு முன் எடுத்துவந்தவை மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் என்று எழுதியிருந்தீர்கள். கிளிமிபிரைடு தொடரக் கூடாது. இவ்வளவு குறைவாகச் சாப்பிடும்போது அது லோ சுகரில் கொண்டுபோய் விடும். டாபாகிளிஃப்ளோசினை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தியிருப்பார்கள். சாப்பாடும் தண்ணீரும் சரியாக இறங்கும்வரை யார் சொன்னாலும் திரும்பத் தொடங்க வேண்டாம். மாவுச்சத்து உள்ளே போகாத நேரத்தில் அந்த மாத்திரை சேர்ந்தால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரலாம், அதுவும் சுகர் 200-க்குள்ளேயே இருக்கும்போதும் வரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் அறுவையின் வலி என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். மெட்ஃபார்மின் தேவைப்பட்டால் எக்ஸ்ஆர், எஸ்ஆர் என்று முடியும் மெதுவாகக் கரையும் வகை வேண்டாம், சாதாரண வகையைப் பொடித்தோ கரைத்தோ தரலாமா என்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில், முக்கியமாக சிறுநீர் பெருக்கும் வகையில், டோஸ் குறைக்க வேண்டிவரும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையும் தண்ணீர் போதாமையையும்.

இன்னொரு எச்சரிக்கை. வாந்தி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தாலே தைமின் (வைட்டமின் பி1) குறைபாட்டை நினைத்துப் பயப்பட வேண்டும். உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மட்டுமே. அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மிச்சமிருந்த தைமினும் செலவாகி, கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளை பாதிப்பு வரும். அறுவை செய்துகொண்டவர் வாந்தியோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் தைமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்று வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினசரி சத்துகளில் கால்சியம் சிட்ரேட் 1200 முதல் 1500 மி.கி., அதையும் பிரித்துப் பிரித்து. வைட்டமின் டி 3000 யூனிட் அளவில் தொடங்கி ரத்த அளவைப் பார்த்து. பி12 வாய் வழியாகத் தினமும் அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி. மாதவிடாய் இருக்கும் பெண் என்பதால் இரும்பு 45 முதல் 60 மி.கி. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத்தான் விழுங்க வேண்டும். டீயும் இரும்பும் கூடச் சேராது. இவை ஆயுள் முழுக்க.

பரிசோதனைகளிலும் மாற்றம் உண்டு. பைபாஸ் செய்தவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைக்கும் டெஸ்ட் எழுதக் கூடாது. அது ஒரே மூச்சில் குடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று டம்பிங்கை வரவழைக்கும், எண்ணையும் பொய்யாக்கும். சாப்பிட்ட அரை மணியில் சுகர் எகிறி இரண்டு மணியில் சட்டென்று இறங்குவது பைபாஸில் வழக்கம். அதனால் இரண்டு மணி அளவை மட்டும் நம்ப வேண்டாம். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஒரு வருடம் கடந்த பின், இட்லி நாலு, சர்க்கரை போட்ட காபி என்று சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கை நடுங்கி மங்கலாக வந்தால் அது லோ சுகர். எதிர்ப்பு குறைந்த உடலில் பெருகிய இன்சுலின் செய்வது அது. மிட்டாயைக் கொடுத்தால் அந்த நேரத்துக்குச் சரியாகி மறுபடி இறங்கும். மாவைக் குறைத்து, முட்டை, பருப்பு, தயிர் என்று புரதத்தை முன்னால் வைத்துச் சாப்பிடுவதுதான் வழி. அடிக்கடி வந்தால் டாக்டர்.

தசை எதிர்ப்பைக் குறைக்க அறுவைக்கு மேல் ஒரு வழி இருக்கிறது, அது உடற்பயிற்சி. பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரை ஆறு மாதம் மிதமான உடற்பயிற்சி செய்யவைத்த அமெரிக்க ஆய்வில், எடையில் பெரிய வித்தியாசம் இல்லாமலேயே அவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் கூடுதலாக மேம்பட்டது. இறங்கும் எடையில் ஒரு பங்கு தசையாகவும் போகும் என்பதால் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதமும், ஆறு வாரம் கழித்து சர்ஜன் அனுமதித்ததும் வாரம் இரண்டு மூன்று நாள் பளு சார்ந்த பயிற்சியும் அவசியம். நடை மட்டும் போதாது. அக்காவுக்குப் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்திருந்தால் இன்னொரு விஷயம்: இன்சுலின் இறங்கியதும் மாதவிடாய் சீராகி, எதிர்பார்க்காத நேரத்தில் கரு தங்கலாம். 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது, வேறு முறை பேச வேண்டும்.

இனி உங்கள் விஷயம். எச்பிஏ1சி 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்திய கட்டம். எதிர்ப்பு இருக்கிறது, கணையம் இன்னும் ஈடுகொடுக்கிறது. உங்கள் கட்டத்தில் ஸ்லீவோ பைபாஸோ, குறையும் எடையின் அளவுதான் எதிர்ப்பின் அளவைத் தீர்மானிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களை வைத்து நார்வேயில் நடந்த ஓஸ்பெர்க் ஆய்வில் ஒரு வருட முடிவில் நோய் விலகியது பைபாஸில் 74 சதவீதம், ஸ்லீவில் 48 சதவீதம். பைபாஸ் செய்தவர்களுக்கு எடையும் கூடுதலாகக் குறைந்தது. கணையத்தின் செயல்திறனில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த முன்னிலை அக்காவுக்குப் பொருந்தும். உங்களுக்கு அதே அளவில் பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் போதாது. எனவே ஹார்மோன் காரணத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்விகளால் தேர்ந்தெடுங்கள். நெஞ்செரிச்சல் இருக்கிறதா? இருந்தால், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டிக் குழாயாக்கும் ஸ்லீவ் அதை மோசமாக்கும்; எண்டோஸ்கோப்பி பார்த்து பைபாஸ் பக்கம் சாய்வது சரி. புகைப்பழக்கமோ, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை தொடர்ந்து எடுக்கும் தேவையோ உண்டா? இருந்தால் பைபாஸின் தையல் இடத்தில் அல்சர் வரலாம். ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்வீர்களா? விட்டுவிடுபவர் என்றால் பைபாஸ் உங்களை அதிகம் தண்டிக்கும். கேள்வியில் இவை எதுவும் இல்லை, அதனால் என்னால் ஒன்றைச் சுட்ட முடியவில்லை.

தகுதியைப் பொறுத்தவரை, 2022-இன் சர்வதேசப் பரிந்துரை பிஎம்ஐ 35-க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையை ஏற்கிறது, ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்கிறது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்வதுதான் இதற்குக் காரணம். ஆனால் தகுதி இருப்பதாலேயே அவசரம் இல்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன. டிர்செபடைடின் உயர்ந்த டோஸில் 72 வாரத்தில் சராசரியாக 20 சதவீதம் அளவுக்கு எடை குறைந்திருக்கிறது. எதிர்ப்பும் சேர்ந்தே குறைகிறது. நிறுத்தினால் எடை திரும்புகிறது, மாதச் செலவும் பெரிது, அது உங்கள் கணக்கு. எந்த வழியானாலும் தொடங்கும் முன் வெறும் வயிற்று சுகர், இன்சுலின், சி-பெப்டைட், எச்பிஏ1சி, ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் கொழுப்பையும் இறுக்கத்தையும் அளக்கும் ஸ்கேன்), இரும்பு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை எடுத்து ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அதே லேபில், அதே பட்டினி நேரத்தில், அப்போது எடுக்கும் மருந்துகளையும் பக்கத்தில் குறித்து, திரும்ப எடுங்கள்.